சிடியா எம்பி3யா: முதலில் கதவைப் பாருங்கள்

சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டிக்கு சீட் கவர் போடலாம், மேட் விரிக்கலாம், ஹாரன் மாற்றலாம், பாட்டு செட் மாட்டலாம். நான் செட் மாட்டுகிறவன். கேசட் டெக் காலத்தில் கையாளாகச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு சிடி பிளேயர், எம்பி3 பிளேயர், பென் டிரைவ், ப்ளூடூத், இப்போது டேஷ்போர்டில் பாதியை அடைத்துக்கொள்ளும் டச் ஸ்கிரீன் என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டியாகிவிட்டது. செட்டுகள் மாறினாலும் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்வி ஒன்று மாறவே இல்லை. "சிடியில கேட்ட மாதிரி பென் டிரைவ்ல கேக்க மாட்டேங்குதே, ஏன்?"

அவர்கள் காதில் விழுவது உண்மைதான். அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. ஆனால் அவர்கள் நினைக்கிற காரணம் பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. எம்பி3 என்றாலே மட்டம், சிடி என்றாலே உசத்தி என்று முடிவு கட்டிக்கொண்டு, இருக்கிற செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு விலை கூடிய செட் மாட்டச் சொல்லி வருவார்கள். அந்தப் பணத்தில் நாலில் ஒரு பங்கை வேறு இடத்தில் போட்டால் அதே பென் டிரைவ், அதே பாட்டு, ஆளையே அசத்தும். அதைப் புரியவைப்பதற்குத்தான் என் தொழிலில் பாதி நேரம் போயிருக்கிறது.

கேசட் காலத்தை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கடையில் தினசரி வேலை ஹெட் துடைப்பது. காது குடையும் பஞ்சை ஸ்பிரிட்டில் தொட்டுத் தேய்த்தால் பழுப்பாக ஆக்சைடு வரும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். பாட்டு ஓட ஓட அதைக் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்புவோம். ஏதோ ஓரிடத்தில் மங்கலாக இருந்த குரல் சட்டென்று பளிச்சென்று திறக்கும். நாடாவின் சாய்வும் ஹெட்டின் சாய்வும் ஒத்துப்போகிற இடம் அது. அந்த இடத்தைக் காதால் பிடிக்கப் பழகியதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். 1992-ல் 'ரோஜா' வந்த பிறகு பாஸ் வேண்டும், பாஸ் வேண்டும் என்று வண்டிகள் வரத் தொடங்கின. பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டில் முட்டை வடிவ ஸ்பீக்கர் இரண்டை வெட்டி இறக்கினால் அந்தக் காலத்து மாருதியில் அதுவே பெரிய செட்.

சிடி சந்தைக்கு வந்தது 1982-ல். நம்மூர்க் கார்களுக்கு அது பரவலாக இறங்கப் பல வருஷம் ஆனது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த கணக்கு எளிமையானது. ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளக்க வேண்டும். ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுத வேண்டும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 14,11,200 பிட். கேசட்டின் இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு, பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் அந்த முழு அமைதியே பெரிய ஆச்சரியமாக இருந்தது. வால்யூமைத் திருப்பிவிட்டு, 'செட் ஓடவில்லையோ' என்று மேலும் திருப்புவார்கள். பாட்டு வந்ததும் தூக்கிவாரிப் போடும்.

வீட்டில் ராஜாவாக இருந்த சிடி, காருக்குள் வந்ததும் நோயாளி ஆனது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் தாவும். தூசி லென்ஸில் படியும். மே மாதம் வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய வண்டிக்குள், டேஷ்போர்டின் மேல் வைத்த தட்டு வளைந்துபோகும். வீட்டில் எழுதிய சிடி என்றால் அதிலிருக்கும் சாயம் வெயிலில் வெளுத்து, ஒரு கோடை தாண்டியதும் ட்ராக் தடுமாறும். பேர் எழுதி ஒட்டிய பேப்பர் ஸ்டிக்கர் சூட்டில் உரிந்து, பிளேயருக்குள் தட்டோடு மாட்டிக்கொண்டு வந்த செட்டுகளைப் பிரித்துப் பிரித்து அலுத்திருக்கிறேன். டிக்கியில் ஆறு தட்டு வைக்கிற சேஞ்சர் வைத்திருந்தவர்களுக்கு அன்று தனி மவுசு. ஆனால் தட்டு மாற்ற வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் போக வேண்டும்.

2000-களின் தொடக்கத்தில் எம்பி3 படிக்கும் கார் பிளேயர்கள் வந்ததும் இந்தத் தொல்லைகளில் பாதி ஓய்ந்தது. ஒரு தட்டில் பதினைந்து பாட்டு இருந்த இடத்தில் நூற்றைம்பது பாட்டு. அதுமட்டுமல்ல, தாவலும் நின்றது. இதை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிளேயர் முன்கூட்டியே படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறதல்லவா, அந்த நினைவகம் சிடிக்குப் பத்து விநாடி தாங்கும் என்றால், பதினோரில் ஒரு பங்கு தகவலே உள்ள 128 எம்பி3க்கு, அதாவது விநாடிக்கு 128 கிலோபிட்டில் எழுதியதற்கு, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தாங்கும். அத்தனை நேரம் எந்தச் சாலையும் தொடர்ந்து குலுக்காது. திண்டிவனம் தாண்டி அப்போது இருந்த சாலையில், சிடி திக்கித் திணறிய அதே வண்டியில் எம்பி3 தட்டு அசையாமல் பாடியதை நானே கேட்டேன். தாவாத பாட்டு என்பதும் ஒலித்தரத்தில் சேர்த்திதான்.

சரி, அந்தப் பதினோரில் பத்துப் பங்கு எங்கே போனது? ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் மற்றவர்களும் உருவாக்கிய முறை இது. காது எல்லாவற்றையும் கேட்பதில்லை என்பதுதான் அடிப்படை. ஓர் ஓசை பலமாக ஒலிக்கும்போது அதன் அண்டை ஸ்தாயியில் இருக்கும் மெல்லிய ஓசை காதுக்கு எட்டாது. நாதஸ்வரம் உரக்க வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேட்காதல்லவா, அதுதான். கேட்காததை எதற்கு எழுதி வைக்க வேண்டும் என்று எம்பி3 அதைக் கரடுமுரடாக எழுதுகிறது, அல்லது விட்டேவிடுகிறது. இந்த முறையைச் செப்பனிட பிராண்டன்பர்க் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு சூசன் வேகா பாடிய 'டாம்ஸ் டைனர்'. பின்னணி வாத்தியம் எதுவுமில்லாமல் ஒற்றைப் பெண் குரல் மட்டும் பாடுவது. மறைக்க வேறு ஓசை இல்லாததால் சுருக்கலின் பிசகு எல்லாம் அந்தக் குரலில் அம்பலமாகிவிடும். கச்சேரி கேட்கிறவர்கள் எம்பி3யைப் பற்றி ஏன் முதலில் புகார் சொன்னார்கள் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. சினிமாப் பாட்டில் முப்பது வாத்தியம் ஒன்றையொன்று மூடும். ஆலாபனையில் குரலும் தம்புராவும் வயலினும்தான்.

ஹோண்டா சிட்டி வைத்திருந்த ஆடிட்டர் ஒருவர் வருவார். பின்சீட்டுப் பையில் கச்சேரி சிடிகளாகவே இருக்கும். அவருடைய மகன் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றி 128-ல் ஒரே தட்டாக எழுதிக் கொடுத்திருந்தான். "தம்பி, பாட்டுல குறையில்ல. தம்புரா மட்டும் ஏதோ தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவு சரியாக அதைச் சொன்னவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. 128 எம்பி3 ஏறக்குறைய 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுகிறது. ஆனால் நடுவயது தாண்டியவர்களுக்கு அந்த உயரம் பொதுவாகக் கேட்பதே குறைவு. அவருக்கு உறுத்தியது அந்த வெட்டு அல்ல. தம்புராவின் ஜீவா என்பது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கொண்டே இருக்கும் மெல்லிய மேல் ஸ்தாயிகளின் கூட்டம். பிட்டுகளுக்குப் பஞ்சம் வந்தால் எம்பி3 அவற்றில் சிலதை ஒரு கணம் எழுதும், மறு கணம் விடும். அதுதான் தண்ணீருக்குள் இருப்பது போன்ற அலைச்சல். டிரம்ஸ் தாளத்தட்டு, கைதட்டல், மழைச் சத்தம் இவற்றிலும் இதே அலைச்சலைக் கேட்கலாம்.

அடுத்தது அடி. கடத்தில் நகம் படும் சத்தம், மிருதங்கத்தில் ஓங்கி விழும் ஒரு 'சாபு'. எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்து எழுதுகிறது. ஒரு துண்டு சுமார் 26 மில்லி விநாடி. துண்டின் நடுவில் ஓர் அடி விழுந்தால், அதைச் சுருக்கும்போது வரும் பிசகு துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்னாலேயே ஒரு புகை மாதிரிக் கேட்கும். நல்ல மென்பொருள் அந்த இடத்தில் துண்டைச் சின்னதாக்கிச் சமாளிக்கும். அந்தக் காலத்தில் கிடைத்த பல அவசர மென்பொருள்கள் சமாளிக்கவில்லை. ஆகவே 128 என்ற எண் மட்டும் தரத்தைச் சொல்லாது. எதைக் கொண்டு எழுதினார்கள் என்பதும் சொல்ல வேண்டும்.

இதை வாயால் சொன்னால் யார் கேட்கிறார்கள்? அதனால் கடைக்கு ஒரு சோதனைத் தட்டு செய்தேன். ஆடிட்டர் கொடுத்த ஒரு கச்சேரி சிடியிலிருந்து ஒரு நிமிடம், என்னிடமிருந்த சினிமாப் பாட்டு சிடியிலிருந்து ஒரு நிமிடம். இரண்டையும் 128, 192, 320 என மூன்று அளவில் எம்பி3 ஆக்கினேன். பிறகு அந்த எம்பி3களை மறுபடி விரித்து, சாதாரண ஆடியோ சிடி ட்ராக்குகளாகவே எழுதினேன். அசல், அந்த மூன்று, எல்லாம் ஒரே தட்டில், வரிசையைக் கலைத்து. விரித்ததால் போனது திரும்ப வராது. ஆனால் ஒரே பிளேயர், ஒரே லென்ஸ், ஒரே வால்யூம். இது முக்கியம். பலர் பென் டிரைவையும் சிடியையும் மாற்றி மாற்றிப் போட்டு முடிவு சொல்கிறார்கள். இரண்டு வழிக்கும் செட் ஒரே அளவு வால்யூம் கொடுப்பதில்லை. கொஞ்சம் உரக்கக் கேட்பதைத்தான் காது எப்போதும் நல்லது என்று சொல்லும்.

கடைக்குப் பின்னால் ஒரு தரைத்தளப் பார்க்கிங். எஞ்சின் ஆஃப், ஏசி ஆஃப், கண்ணாடி ஏற்றியாயிற்று. அங்கே உட்காரவைத்தால் 128-ஐப் பலர் கண்டுபிடித்துவிடுவார்கள், கச்சேரித் துண்டில் உடனே, சினிமாப் பாட்டில் கொஞ்சம் யோசித்து. 192-க்கு வந்ததும் தயங்குவார்கள். 320-ஐ அசலிலிருந்து பிரித்து, வரிசையை மாற்றிப் போட்டாலும் தொடர்ந்து சரியாகச் சொன்னவர் என் நினைவில் யாருமில்லை. பிரிக்க முடியும் என்று சவால் விட்டு வந்தவர்களும் உண்டு. காசு சுண்டிப் போட்டுச் சொல்வதைவிட அவர்கள் மேலாகச் சொல்லவில்லை.

அதே தட்டோடு அதே வண்டியை ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுக்கு எடுத்துப் போவேன். அக்கரை தாண்டி எண்பதில் பிடித்து, ஏசி ப்ளோயர் மூன்றில். டிராவல்ஸ் இன்னோவா ஓட்டும் ஒருவர் ஸ்டீயரிங்கில் இருந்தபடியே, "அண்ணே, எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது. எதுக்கு மாத்தி மாத்திப் போடுறீங்க?" என்றார். அவர் காது மந்தமானதல்ல. வண்டியில் வீல் பேரிங் ஊளையிடத் தொடங்கும் முன்பே கண்டுபிடித்துச் சொல்கிற ஆள். எண்பதில் ஓடும் வண்டிக்குள் சத்தம் 65 டெசிபலைச் சுற்றி இருக்கும். பாட்டின் உச்சம் 90 என்று வைத்துக் கேட்டாலும், மிச்சமிருப்பது 25 டெசிபல் இடைவெளிதான். சிடி கொடுக்க வல்லது 96. அதில் பெரும்பகுதியைச் சாலையே விழுங்கிவிடுகிறது. எம்பி3 எந்த உண்மையை நம்பிச் சுருக்கியதோ, பலத்த ஓசை மெல்லிய ஓசையை மறைக்கும் என்பதை, டயரும் காற்றும் இன்னும் பெரிதாகச் செய்கின்றன. 2005-ல் இளையராஜாவின் 'திருவாசகம்' வந்தபோது இது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த பதிவு அது. மெல்லிய இடம் நிஜமாகவே மெல்லியது, எழும்பும் இடம் நிஜமாகவே எழும்புவது. சிடியைக் காரில் போட்டால் மெல்லிய இடங்கள் சாலைக்குள் போய்விடும், வால்யூமைக் கூட்டுவோம், அடுத்த நிமிஷம் கோரஸ் வந்து குறைக்கவைக்கும். சுருக்கப்படாத அசல் சிடிதான். இருந்தும் ஓடுகிற காருக்குள் அதற்கு இடம் போதவில்லை.

ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். டயர் சத்தம் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில் இருக்கிறது. 128-ன் அலைச்சல் மேல் ஸ்தாயியில். ஆகவே கண்ணாடித் தூணில் ட்வீட்டர் வைத்து அதை நேரே முகத்தைப் பார்க்கத் திருப்பியிருந்தால், ஓடும் வண்டியிலும் தாளத்தட்டின் உறுத்தல் தெரியும். அப்படி உறுத்துகிறது என்று வந்தவர்களுக்கு ட்வீட்டரைக் கொஞ்சம் எதிர்ப்பக்கத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறேன். அது பாட்டின் நோயைத் தீர்க்காது. வலியைக் குறைக்கும்.

இனி கதவு. சிடிக்கும் எம்பி3க்கும் இருப்பதைவிடப் பெரிய வித்தியாசம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். டோர் பேடைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் தகட்டில் கை நுழைகிற அளவுக்கு மூன்று நாலு ஓட்டை இருக்கும். ஃபேக்டரியில் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். முந்தின மெக்கானிக் பவர் விண்டோ வேலைக்காக அதைக் கிழித்திருப்பார். ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் அதே நேரம் பின்னால் இழுக்கிறது. பின்னால் வரும் அலை அந்த ஓட்டைகள் வழியாகச் சுற்றி வந்து முன்னலையைக் கலைத்துவிடும். மேல் ஸ்தாயிக்கு இது பாதகமில்லை. பாஸ் அங்கேயே செத்துவிடும். உடனே ஆள் பாஸ் கன்ட்ரோலை முழுக்கத் திருப்புவார். செட் திணறும், குரல் மூக்கடைக்கும், பழி எம்பி3 மேல் விழும்.

வேலை இப்படி. பழைய பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து எடுப்பேன். ஸ்பிரிட் போட்டு மறுபடி. தகடு கைக்கு வறண்டு தெரிய வேண்டும். அலுமினியத் தாளில் கறுப்பு பியூட்டைல் ரப்பர் ஒட்டிய ஷீட்டை முதலில் வெளித் தகட்டின் உள்பக்கத்தில், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஒட்டி, சின்ன ரோலரால் அழுத்தி உருட்டுவேன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் 'டங்' என்றிருந்தது 'தொப்' என்று மாறும். அந்தத் 'தொப்' வரும்வரை விடக் கூடாது. பிறகு உள்தகட்டின் பெரிய ஓட்டைகளுக்கு அலுமினியத் தகடு வெட்டி, அதன்மேல் ஷீட் போட்டு மூட வேண்டும். ஆனால் கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடிகிற துளையை மறந்தும் மூடக் கூடாது. கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் கதவுக்குள்தான் போகிறது. அது தேங்கினால் ஸ்பீக்கர் மட்டுமல்ல, கதவே துருப்பிடிக்கும். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவில் வளையம், வளையத்தைச் சுற்றி ஃபோம். கூம்பைச் சுற்றி ஃபோம் விளிம்பு இருக்கிற ஸ்பீக்கரை நான் மாட்டுவதில்லை. கடற்கரை ஊரின் ஈரத்தில் அது சீக்கிரம் பொடிந்து உதிர்கிறது. ரப்பர் விளிம்பு நிற்கும்.

கடைசியில் பிளஸ் மைனஸ். ஒரு கதவில் மட்டும் ஒயர் மாறியிருந்தால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று எதிர்த்து வேலை செய்யும். பாஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒயரில் தொட்டுக் கூம்பு வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அரை நிமிட வேலை. இந்த ஒன்றைச் சரிசெய்ததற்கே 'புது செட் மாதிரி இருக்கு' என்று சந்தோஷப்பட்டுப் போனவர்கள் பலர்.

இந்தக் கதவு வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே 192 எம்பி3யைப் போட்டுக் காட்டினால், ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் எண்பதில் ஓடும்போதுகூட எல்லாருக்கும் தெரிகிறது. அந்த இன்னோவாக்காரருக்கும் தெரிந்தது. "இது தனியாக் கேக்குது அண்ணே" என்றார்.

பவர் விஷயமும் அப்படித்தான். பெட்டியில் 50 வாட் நாலு என்று போட்டிருப்பார்கள். ஓடும் வண்டியில் கிடைப்பது 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த வோல்ட்டில் ஒலி பிசகாமல் கொடுக்க முடிந்தது 20 வாட்டைச் சுற்றித்தான். 50 என்பது உச்சக் கணக்கு. அதற்கு மேல் திருப்பினால் அலையின் தலை தட்டையாகிறது. அந்தக் கரகரப்பையும் எம்பி3 கணக்கில்தான் எழுதுகிறார்கள். தனி ஆம்ப் போட்டு, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைத்து, எர்த்துக்குப் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போட வேண்டும். பவர் ஒயர் ஒரு பக்கம், பாட்டு ஒயர் மறு பக்கம். சேர்த்துக் கட்டினால் ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரிலும் ஓர் ஊளை ஏறும்.

இவ்வளவும் செய்த பிறகும் சில பென் டிரைவ்கள் கேட்கச் சகிக்காது. அங்கே குற்றம் மூலத்தில். கல்லூரிப் பையன் ஒருவன் கொண்டுவந்தான். எல்லாம் 320 என்று பெயரிலேயே போட்டிருந்தது. கேட்டால் ஆடிட்டரின் தம்புரா கதைதான். லேப்டாப்பில் அலைவரிசைப் படம் போட்டுக் காட்டினேன். நிஜ 320-ல் வண்ணம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும். இவன் ஃபைலில் 16-ல் சுவர் வைத்தாற்போல் நின்றது. யாரோ 128-ஐ எடுத்து 320-ஆக மறுபடி எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய குடத்தில் ஊற்றிய கதை. ஃபைல் பெருத்தது, பாட்டு பெருக்கவில்லை. "அப்ப நான் இத்தனை நாளா கேட்டது?" என்று அவன் முகம் சுருங்கியது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இசைக்காக வண்டிக்கு அவ்வளவு செலவு செய்த பிள்ளை. அவனுக்குக் கொடுக்கப்பட்டது பொய் எண்.

சிடி என்பதும் தன்னால் உத்தரவாதம் ஆகிவிடாது. பழைய படப் பாட்டு சிடிகளில் சில கேசட்டிலிருந்தோ தேய்ந்த ரெக்கார்டிலிருந்தோ எடுத்து எழுதியவை. இரைச்சலை அடக்குகிறேன் என்று மேல் ஸ்தாயியையே மழித்திருப்பார்கள். அப்படிப்பட்ட சிடியைவிட, நல்ல மூல நாடாவிலிருந்து வந்த 192 எம்பி3 எவ்வளவோ மேல். சில பாட்டுகளுக்கு நான் இரண்டு மூன்று வெளியீடுகளைக் கேட்டுப் பார்த்துத்தான் டெமோவுக்கு எடுப்பேன்.

பாட்டு எந்த வழியாகச் செட்டுக்குள் போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிகரெட் லைட்டரில் செருகி எஃப்எம்மில் பாட வைக்கிற பொம்மை வேண்டவே வேண்டாம். எஃப்எம் 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், ஊருக்குள் பெரிய நிலையங்கள் மேலேறும், சிடியே ஆனாலும் அங்கே ஒன்றும் மிஞ்சாது. ஆக்ஸ் வயர் தேவலை. ஆனால் போனைச் சார்ஜில் போட்டபடி ஆக்ஸ் போட்டால் எர்த் சுற்றி ஓர் இரைச்சல் வரும். ப்ளூடூத்தில் போன் எம்பி3யை விரித்து, தன் முறையில் இன்னொரு தடவை சுருக்கித்தான் அனுப்புகிறது. சாதாரண எஸ்பிசி முறையில் உச்சமே விநாடிக்கு 328 கிலோபிட்தான். நல்ல ஃபைலுக்கு அது ஓடும் வண்டியில் போதும். 128-ஐ அதன் வழியாக அனுப்பினால் சுருக்கியதையே சுருக்குகிறோம், அது கேட்கிறது. 2021 முதல் ஆப்பிள் மியூசிக்கில் இழப்பில்லாத பாட்டு கிடைக்கிறது. ஆனால் ப்ளூடூத்தில் கேட்டால் அந்த இழப்பின்மை போனோடு நின்றுவிடும், கேபிள் போட வேண்டும்.

இப்போது கரெண்ட் கார்கள் வருகின்றன. எஞ்சின் சத்தம் இல்லை. சிக்னலில் நிற்கும்போது அந்தத் தரைத்தளப் பார்க்கிங்கின் அமைதி ரோட்டிலேயே கிடைக்கிறது. எண்பதில் டயர் சத்தம் பழையபடிதான், ஆனால் நாற்பதுக்குக் கீழே, அதாவது சென்னைக்குள் பெரும்பாலான நேரம், கேட்கிற இடைவெளி நிஜமாகவே கூடியிருக்கிறது. முன்பு 192 போதும் என்று சொன்ன ஆட்களுக்கு இந்த வண்டிகளில் அப்படிச் சொல்வதில்லை.

பையில் சிடி வைத்திருப்பவர்கள் யாராவது வந்தால், தயவுசெய்து அதைத் தூக்கிப் போடாதீர்கள், வண்டியிலும் வைக்காதீர்கள் என்று கெஞ்சியாவது சொல்கிறேன். புது வண்டிகளில் பெரும்பாலும் தட்டு போடும் வாயே கிடையாது. ஆனால் அந்தத் தட்டுகளில் பல இன்றைக்கு வேறெங்கும் நல்ல தரத்தில் கிடைக்காதவை. கம்ப்யூட்டரில் போட்டு ஃபிளாக் ஆக எடுத்துவிடுங்கள். அது எதையும் விடுவதில்லை, இடத்தை மட்டும் ஏறத்தாழப் பாதியாக்கும். ஒரு சிடி 300 எம்பியைச் சுற்றி வரும், 64 ஜிபி பென் டிரைவில் ஏறக்குறைய 200 சிடி அடங்கும். கீறல் உள்ள தட்டை மெதுவான வேகத்தில், இரண்டு தடவை படித்து ஒப்பிடும்படி வைத்து எடுக்கவும். உங்கள் செட் பழையது, ஃபிளாக் படிக்காது என்றால், அந்த ஃபிளாக்கிலிருந்தே 320 எம்பி3 ஒரு பிரதி போட்டு வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அசல் வீட்டில் இருக்கட்டும். பென் டிரைவை எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்யவும், பழைய செட்டுகள் வேறெதையும் படிக்காது. பாட்டுப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடாவிட்டால் கச்சேரியில் வர்ணத்துக்கு முன்னால் மங்களம் வந்துவிடும். ஆடிட்டர் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார், தம்புரா சரியாக இருக்கிறது என்கிறார். அவருடைய வலது பின்கதவு மட்டும் இன்னும் ஷீட் போடாமல் இருக்கிறது, அடுத்த சர்வீஸுக்கு வரும்போது செய்ய வேண்டும்.